கியர்பெட்டி வடிகட்டி மாற்றமும் வாரண்டியும்

கியர்பெட்டி வடிகட்டி என்பது தானியங்கிக் கியர்பெட்டி அல்லது இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி கொண்ட தானுந்துகளில், கியர் எண்ணெயில் சேரும் உலோகத் துகள்களையும் கிளட்ச் தகடுகளிலிருந்து உதிரும் பொடியையும் பிரித்தெடுக்கும் உறுப்பு ஆகும். குறித்த தொலைவு ஓடியதும் அல்லது குறித்த காலம் கடந்ததும் இவ்வடிகட்டியையும் எண்ணெயையும் மாற்ற வேண்டும் என்று பல உற்பத்தியாளர்கள் தமது பராமரிப்பு அட்டவணையில் விதிக்கின்றனர். ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விளையாட்டுத் தானுந்துகளில் கியர்பெட்டியின் மீதான சுமையும் வெப்பமும் மிகுதி என்பதால் இம்மாற்றம் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

கியர்பெட்டி பழுதடையும்போது, வடிகட்டி உரிய காலத்தில் மாற்றப்பட்டதா, யார் மாற்றினார், அதற்குச் சான்று உள்ளதா ஆகிய மூன்று வினாக்களே வாரண்டி கிடைப்பதையும் மறுக்கப்படுவதையும் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. இந்தியாவில் இத்தகைய பிணக்குகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கின்றன. இராஜபாளையம் உள்ளிட்ட விருதுநகர் மாவட்டப் பகுதிகளுக்கான ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்குகிறது.

பெயர்கள்

கியர்பெட்டி என்பது நூல்களில் பல்லிணைப் பெட்டி எனவும் வேகமாற்றிப் பெட்டி எனவும் குறிக்கப்படுகிறது. பணிமனைகளில் வடிகட்டியை கியர் ஃபில்டர் என்றும், எண்ணெயை கியர் ஆயில் என்றும் அழைப்பர். வாரண்டி என்பதற்குப் பொறுப்புறுதி, உத்தரவாதம் ஆகிய சொற்கள் பயன்படுத்தப்படுகின்றன. இக்கட்டுரையில் பெருவழக்கிலுள்ள சொற்களே கையாளப்பட்டுள்ளன.

வரலாறு

பெருமளவில் விற்பனையான முதல் முழுத் தானியங்கிக் கியர்பெட்டி, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939-ல் அறிவித்த ஹைட்ராமாட்டிக் ஆகும். இது 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் பொருத்தப்பட்டது. தொடக்கத்தில் இதற்கென்று தனி எண்ணெய்த் தரம் இருக்கவில்லை. 1949-ல் அந்நிறுவனம் 'டைப் ஏ' என்னும் தரத்தை வகுத்தது. பின்னர் 1960-களின் இறுதியில் டெக்ஸ்ரான் தரம் வந்தது.

இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டியின் கருத்துரு பிரான்சு நாட்டின் அடோல்ஃப் கெக்ரெஸ் என்பவருடையது. அவர் 1939-ல் அதை முன்வைத்தார். கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகள் அக்காலத்தில் இல்லாததால் அது உற்பத்திக்கு வரவில்லை. 1980-களில் போர்ஷே நிறுவனம் தன் பந்தயக் கார்களில் இதைச் சோதித்தது. சாலையில் ஓடும் கார்களில் 2003-ல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32, ஆடி டிடி ஆகியவற்றில் டிஎஸ்ஜி என்ற பெயரில் இது அறிமுகமானது. 2008-ல் போர்ஷே 911 காரில் பிடிகே என்ற பெயரிலும், அதற்கு முந்தைய ஆண்டு சப்பானில் வெளியான நிசான் ஜிடி-ஆர் காரிலும் இவ்வகைக் கியர்பெட்டி இடம்பெற்றது. இதன் பின்னர் விளையாட்டுத் தானுந்துகளில் கையால் மாற்றும் கியர் படிப்படியாகக் குறைந்தது.

அமைப்பும் செயற்பாடும்

தானியங்கிக் கியர்பெட்டியில் கியர் எண்ணெய் நான்கு பணிகளைச் செய்கிறது:

1. பற்சக்கரங்களுக்கும் தாங்கிகளுக்கும் உயவிடுதல்.
2. கிளட்ச் தகடுகள் உரசுவதால் தோன்றும் வெப்பத்தை அகற்றுதல்.
3. அழுத்தத்தைக் கடத்திக் கிளட்சுகளை இயக்குதல்.
4. முறுக்குவிசை மாற்றி உள்ள கியர்பெட்டிகளில், எந்திரத்தின் சுழற்சியைக் கியர்பெட்டிக்குக் கடத்துதல்.

கையால் மாற்றும் கியர்பெட்டியில் எண்ணெயின் பணி ஏறத்தாழ உயவிடுதலோடு முடிந்துவிடுகிறது. ஆகவே அதில் பெரும்பாலும் வடிகட்டி இருப்பதில்லை. தானியங்கி வகையில் எண்ணெயே இயக்கும் ஊடகமாகவும் இருப்பதால், அதன் தூய்மை கியர் மாறும் தன்மையை நேரடியாகப் பாதிக்கிறது.

கியர்பெட்டியின் அடியில் எண்ணெய்த் தட்டு உள்ளது. பம்பு இத்தட்டிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, அழுத்தத்துடன் அடைப்பிதழ்த் தொகுதிக்கு அனுப்புகிறது. அத்தொகுதியிலுள்ள சோலனாய்டுகள் எந்தக் கிளட்சுக்கு எவ்வளவு அழுத்தம் செல்ல வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகின்றன. வடிகட்டி இப்பாதையில் இரண்டு இடங்களில் ஒன்றில் அமையலாம். பம்புக்கு முன்னால் அமைவது உறிஞ்சுபக்க வடிகட்டி. எண்ணெயோட்டம் தடைபடக்கூடாது என்பதற்காக இதன் துளைகள் சற்றுப் பெரியனவாக இருக்கும். பம்புக்குப் பின்னால் அமைவது அழுத்தபக்க வடிகட்டி. இது மேலும் நுண்ணிய துகள்களைப் பிடிக்கும். சில கியர்பெட்டிகளில் இரண்டும் உள்ளன. இவற்றோடு எண்ணெய்த் தட்டில் வைக்கப்படும் காந்தங்கள் எஃகுத் துகள்களை ஈர்த்து வைத்துக்கொள்கின்றன.

துகள்கள் தோன்றும் விதம்

எண்ணெயில் சேரும் துகள்கள் மூன்று வகையின. முதலாவது, புதிய பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்போது உதிரும் எஃகுத் துகள். இரண்டாவது, கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பூச்சிலிருந்து தேயும் கருநிறப் பொடி. மூன்றாவது, வெப்பத்தால் எண்ணெயே சிதைந்து உருவாகும் பிசின் போன்ற படிவு. எஃகுத் துகளைக் காந்தம் பிடித்துவிடும். ஆனால் உராய்வுப் பொடியும் படிவும் காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை. அவற்றைப் பிடிக்க வடிகட்டி மட்டுமே உள்ளது.

எண்ணெய் எவ்வளவு விரைவாகச் சிதையும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயரும்போது எண்ணெயின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் தோராய விதி. மலைப்பாதை ஏற்றம், நெரிசலில் நின்று நின்று செல்லுதல், நின்ற நிலையிலிருந்து முழு ஆற்றலுடன் புறப்படுதல் ஆகியன எண்ணெயின் வெப்பத்தை உயர்த்துவன. விளையாட்டுத் தானுந்துகளில் கடைசியாகக் கூறப்பட்டது அடிக்கடி நிகழ்கிறது.

வடிகட்டி அடைபட்டால்

உறிஞ்சுபக்க வடிகட்டி அடைபடும்போது பம்புக்குப் போதிய எண்ணெய் கிடைப்பதில்லை. எண்ணெயோடு காற்றுக்குமிழ்களும் கலந்து அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கிளட்ச் தகடுகள் இறுகப் பற்றாமல் வழுக்குகின்றன. வழுக்கும் தகடுகள் மேலும் சூடேறி மேலும் பொடியை உதிர்க்கின்றன. அப்பொடி வடிகட்டியை மேலும் அடைக்கிறது. இவ்வாறு ஒரு சிறு குறை தன்னைத்தானே வளர்த்துக்கொள்வதால், பழுது வெளியே தெரியும் நேரத்தில் உள்ளே சேதம் பரவிவிட்டிருக்கும்.

பொதுவான அறிகுறிகள் பின்வருமாறு:

- கியர் இட்ட பின் வண்டி நகரத் தாமதமாதல்
- எந்திரத்தின் சுழற்சி உயர்ந்தும் வேகம் அதற்கேற்பக் கூடாமை
- கியர் மாறும்போது உதைத்தல்
- பம்பிலிருந்து கீச்சொலி
- கியர்பெட்டி மிகுவெப்ப எச்சரிக்கை விளக்கு எரிதல்

இவ்வறிகுறிகள் சோலனாய்டு பழுது, மென்பொருள் பிழை, கிளட்ச் தேய்வு ஆகியவற்றாலும் தோன்றலாம். வாரண்டிப் பிணக்குகளின் மையம் இதுவே. ஒரே அறிகுறி உற்பத்திக் குறைபாட்டாலும் வரலாம், பராமரிப்புக் குறைவாலும் வரலாம்.

மாற்றக் கால அளவு

மாற்றக் கால அளவு கியர்பெட்டியின் வகையைப் பொறுத்து வேறுபடுகிறது.

ஈரக் கிளட்ச் வகை: இரு கிளட்சுகளும் எண்ணெயில் மூழ்கியிருப்பதால் உராய்வுப் பொடி நேரடியாக எண்ணெயில் கலக்கிறது. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் ஆறு வேக டிக்யூ250 இவ்வகையைச் சேர்ந்தது. இதற்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெயும் வடிகட்டியும் மாற்றப்பட வேண்டும். இதன் வடிகட்டி கியர்பெட்டியின் வெளிப்புறத்தில் தனி உறையில் இருப்பதால் எளிதில் மாற்றலாம். இந்தியாவில் 2017-ல் விற்பனைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரில் இக்கியர்பெட்டி இருந்தது.

உலர் கிளட்ச் வகை: கிளட்சுகள் எண்ணெய்க்கு வெளியே உள்ளன. அதே குழுமத்தின் ஏழு வேக டிக்யூ200 இதற்கு எடுத்துக்காட்டு. 2013-ல் இந்தியாவில் வெளியான போலோ ஜிடி டிஎஸ்ஐ காரில் இது பொருத்தப்பட்டது. உராய்வுப் பொடி எண்ணெயில் கலக்காததால் இதற்கு அட்டவணைப்படியான வடிகட்டி மாற்றம் இல்லை.

முறுக்குவிசை மாற்றி வகை: எட்டு வேக இசட்எஃப் 8எச்பி போன்றவை. இவற்றில் பலவற்றில் வடிகட்டியும் நெகிழி எண்ணெய்த் தட்டும் ஒரே உறுப்பாக வார்க்கப்பட்டுள்ளன. வடிகட்டியை மாற்றத் தட்டையே மாற்ற வேண்டும்.

ஒரே பெயரில் விற்கப்படும் இரு கார்களில் வெவ்வேறு கியர்பெட்டிகள் இருக்கக்கூடும். ஆகவே ஒரு காரின் அட்டவணையை மற்றொன்றுக்குப் பொருத்துவது தவறாகும். அக்காரின் அடிச்சட்ட எண்ணுக்குரிய பராமரிப்புப் புத்தகமே சரியான சான்றாகும்.

அட்டவணைகள் பெரும்பாலும் தொலைவு, காலம் ஆகிய இரண்டையும் குறிப்பிட்டு 'எது முதலில் வருகிறதோ அது' என்று விதிக்கின்றன. விளையாட்டுத் தானுந்துகள் ஆண்டு முழுவதும் மிகக் குறைவாகவே ஓட்டப்படுவதால், இவற்றின் உரிமையாளர்கள் கால வரம்பைக் கவனிக்கத் தவறுவதுண்டு. எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 4,000 கி.மீ. ஓடும் கார் 60,000 கி.மீ.யை எட்ட 15 ஆண்டுகள் ஆகும். ஆறு ஆண்டுக் கால வரம்பு இருக்குமானால், அது 24,000 கி.மீ.யிலேயே முடிந்துவிடும். தொலைவை மட்டும் பார்த்தவர் காலத்தில் தவறியவராகிறார்.

'வாழ்நாள் எண்ணெய்' பற்றிய கருத்து வேறுபாடு

சில கார் உற்பத்தியாளர்கள் கியர் எண்ணெய் வாழ்நாள் முழுவதற்கும் போதுமானது என்று கூறி, அட்டவணையில் மாற்றமே குறிப்பதில்லை. ஆனால் கியர்பெட்டியைச் செய்யும் நிறுவனத்தின் கருத்து வேறாக இருக்கலாம். செருமனியின் இசட்எஃப் நிறுவனம் தன் தானியங்கிக் கியர்பெட்டிகளுக்கு 80,000 முதல் 120,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் எண்ணெய் மாற்றத்தைப் பரிந்துரைக்கிறது. அதே கியர்பெட்டியை வாங்கிப் பொருத்தும் கார் நிறுவனங்கள் சில அதை வாழ்நாள் எண்ணெய் என்கின்றன.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் 'வாழ்நாள்' என்ற சொல்லின் பொருளே. வாரண்டிக் காலத்திலும் அதையடுத்த சில ஆண்டுகளிலும் கியர்பெட்டி பழுதின்றி இயங்கினால் கார் நிறுவனத்தின் கணக்கு சரியாகிவிடும். காரைப் பதினைந்து ஆண்டுகள் வைத்திருக்க விரும்புபவருக்கு அக்கணக்கு பொருந்தாது. வாரண்டி நோக்கில் பார்த்தால், அட்டவணையில் இல்லாத மாற்றத்தைச் செய்யவில்லை என்று கூறி வாரண்டியை மறுக்க இயலாது. அதேவேளை அட்டவணையில் இல்லாத மாற்றத்தைத் தரம் பொருந்தாத எண்ணெய்கொண்டு செய்தால், அதுவே மறுப்புக்குக் காரணமாகலாம்.

மாற்றும் முறை

பழைய எண்ணெயை வடித்து, வடிகட்டியை அகற்றி, எண்ணெய்த் தட்டையும் காந்தங்களையும் தூய்மை செய்து, புதிய வடிகட்டியும் புதிய அடைப்பு வளையமும் பொருத்தி, குறித்த தரத்து எண்ணெயை நிரப்புவது பொதுவான முறையாகும். முறுக்குவிசை மாற்றி உள்ள வகையில், வடிக்கும்போது எண்ணெயின் ஒரு பகுதியே வெளியேறும். எஞ்சியது மாற்றியின் உள்ளேயே தங்கிவிடும்.

காந்தத்தில் மெல்லிய சாம்பல்நிறப் பசை படிந்திருப்பது இயல்பான தேய்மானம். விரலுக்குத் தட்டுப்படும் உலோகச் சில்லுகள் இருந்தால் உள்ளே உறுப்பு உடைந்திருப்பதன் அடையாளம். இதனால் வடிகட்டி மாற்றம் என்பது பராமரிப்பு மட்டுமன்றிச் சோதனையும் ஆகும். வாரண்டிக் காலம் முடியுமுன் இவ்வாறு கண்டறியப்படும் குறையை நிறுவனத்தின் செலவில் சரிசெய்ய வாய்ப்புண்டு.

நுட்பமான பகுதி எண்ணெய் மட்டத்தைச் சரிபார்ப்பது. எண்ணெய் சூடானால் விரிவடையும் என்பதால், மட்டம் குறித்த வெப்பநிலைக்குள் பார்க்கப்பட வேண்டும். டிக்யூ250 கியர்பெட்டிக்கு இவ்வெல்லை 35 முதல் 45 பாகை செல்சியஸ். பணிமனைக் கணினியை இணைத்து எண்ணெயின் வெப்பநிலையைப் பார்த்தவாறே, எந்திரம் இயங்கும் நிலையில், வழிதுளையின் வழியே மிகுதி எண்ணெய் வடியவிடப்படும். சூடு மிகுந்த நிலையில் பார்த்தால் விரிந்த எண்ணெய் கூடுதலாக வடிந்துவிடும். பின்னர் குளிரும்போது மட்டம் தேவைக்குக் குறைவாக இருக்கும்.

வாரண்டி

வாரண்டி என்பது, குறித்த காலம் அல்லது தொலைவுக்குள் பொருளிலோ செய்நேர்த்தியிலோ உள்ள குறைபாட்டால் பழுது ஏற்பட்டால் அதைக் கட்டணமின்றிச் சரிசெய்து தருவதாக உற்பத்தியாளர் தரும் வாக்குறுதி ஆகும். வடிகட்டி, எண்ணெய், கிளட்ச் உராய்வுத் தகடு ஆகியவை தேய்ந்து தீரும் பொருட்கள் எனக் கருதப்படுவதால் அவற்றின் இயல்பான மாற்றச் செலவு வாரண்டியில் அடங்காது. பற்சக்கரம், தாங்கி, பம்பு, அடைப்பிதழ்த் தொகுதி, மின்னணுக் கட்டுப்பாட்டகம் ஆகியவற்றின் உற்பத்திக் குறைபாடு வாரண்டியில் அடங்கும்.

மறுப்புக்குக் கூறப்படும் காரணங்கள்

- அட்டவணைப்படி மாற்றம் செய்யப்படவில்லை, அல்லது செய்ததற்குச் சான்று இல்லை
- குறித்த தரமல்லாத எண்ணெய் அல்லது வடிகட்டி பயன்படுத்தப்பட்டது
- பந்தயத் தடத்தில் அல்லது போட்டியில் கார் ஓட்டப்பட்டது
- எந்திரத்தின் கட்டுப்பாட்டு மென்பொருள் மாற்றப்பட்டு ஆற்றல் கூட்டப்பட்டது
- விபத்து, வெள்ளம் போன்ற புறக்காரணம்

இன்றைய கார்களின் கட்டுப்பாட்டகங்கள் மிகுவெப்ப நிகழ்வுகள், பிழைக் குறியீடுகள் முதலியவற்றைப் பதிவு செய்து வைக்கின்றன. இப்பதிவுகள் நிறுவனத்துக்குச் சான்றாவது போலவே, முறையாக ஓட்டிய உரிமையாளருக்கும் சான்றாகக்கூடும்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

நிசான் ஜிடி-ஆர்: 2008-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு ஓட்டும்போது ஏற்படும் சேதம் வாரண்டியில் அடங்காது என்று கையேட்டில் குறிப்பிடப்பட்டிருந்தது. மிக விரைவான புறப்பாட்டுக்கு அதை அணைப்பதே வழியாக இருந்ததால், கியர்பெட்டி உடைந்த சிலருக்கு வாரண்டி மறுக்கப்பட்டது. விளம்பரப்படுத்தப்படும் திறனைப் பயன்படுத்தினால் வாரண்டி இல்லை என்பது முறையா என்ற விவாதம் எழுந்தது. நிறுவனம் பின்னர் புறப்பாட்டு மென்பொருளைக் கியர்பெட்டிக்குச் சுமை குறையும் வகையில் மாற்றியமைத்தது.

ஃபோக்ஸ்வேகன் டிஎஸ்ஜி: சீனாவில் எழுந்த புகார்களைத் தொடர்ந்து, 2012-ல் டிஎஸ்ஜி கியர்பெட்டிகளுக்கான வாரண்டி 10 ஆண்டுகள் அல்லது 160,000 கி.மீ. என நீட்டிக்கப்பட்டது. 2013 மார்ச்சு 15 அன்று, உலக நுகர்வோர் நாளில், சீன அரசுத் தொலைக்காட்சி இச்சிக்கலை ஒளிபரப்பியது. சில நாட்களில் 384,181 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் உலகளவில் சுமார் 16 லட்சம் கார்களில் ஏழு வேக டிஎஸ்ஜியின் செயற்கை எண்ணெயை நீக்கிக் கனிம எண்ணெய் நிரப்பும் பணி அறிவிக்கப்பட்டது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் செயற்கை எண்ணெயால் மின்கோளாறு ஏற்படலாம் என்பது காரணமாகக் கூறப்பட்டது. உற்பத்தியாளரே தேர்ந்த எண்ணெயும் குறைபாட்டுக்குக் காரணமாகலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

சட்ட நிலை

பிற நாடுகளில்

அமெரிக்காவில் 1975-ல் இயற்றப்பட்ட மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டம், குறிப்பிட்ட நிறுவனத்தின் உதிரிப்பாகத்தையோ பணிமனையையோ கட்டணம் செலுத்திப் பயன்படுத்த வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை விதிப்பதைத் தடை செய்கிறது. வெளியில் மாற்றிய வடிகட்டியால்தான் பழுது ஏற்பட்டது என்று நிறுவனம் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010-ல் வந்த 461/2010 ஒழுங்குவிதியும் அதன் வழிகாட்டுதலும் இதே திசையில் அமைந்துள்ளன.

இந்தியாவில்

2011-ல் அளிக்கப்பட்ட ஒரு புகாரின் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று தீர்ப்பளித்தது. உதிரிப்பாகங்களையும் பழுதுநீக்கக் கருவிகளையும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.64 கோடி ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. வெளிப் பணிமனையில் வேலை பார்த்ததற்காக வாரண்டி முழுவதும் நீங்கும் என்ற பொது நிபந்தனையை விதிக்கக்கூடாது என்றும் ஆணையம் கூறியது. மேல்முறையீட்டில் 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் முடிவின் பெரும்பகுதியை ஏற்று, தண்டத்தைக் கணக்கிடும் முறையை மாற்றியது.

தனிப்பட்ட நுகர்வோருக்கு முதன்மையான வழி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆகும். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 சூலையில் நடைமுறைக்கு வந்தது. இதன் கூறுகளில் கியர்பெட்டிப் பிணக்குகளுக்குப் பொருந்துவன:

- பிரிவு 34: புகார்தாரர் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம்.
- பிரிவு 38: முறையான ஆய்வின்றிக் குறைபாட்டைக் கண்டறிய இயலாதபோது, பொருளின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.
- பிரிவு 69: புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும்.
- பிரிவு 82 முதல் 87 வரை: குறைபாடுள்ள பொருளால் நேரும் தீங்குக்கான உற்பத்தியாளர் பொறுப்பு.

வாரண்டியின் வரம்பு பற்றி 2006-ல் உச்ச நீதிமன்றம் மாருதி உத்யோக் எதிர் சுசீல் குமார் கப்கோத்ரா வழக்கில் தீர்ப்பளித்தது. இவ்வழக்கு ஒரு காரின் கிளட்ச் குறைபாடு பற்றியது. வாரண்டி குறைபாடுள்ள உறுப்பைச் சரிசெய்யவோ மாற்றவோ மட்டும் உறுதியளித்திருக்கும்போது, முழுக் காரையும் மாற்றித் தர ஆணையிட இயலாது என்று நீதிமன்றம் கூறியது. எனவே கியர்பெட்டிப் பிணக்கில் பெரும்பாலும் எதிர்பார்க்கக்கூடியது கியர்பெட்டியின் பழுதுநீக்கமும் இழப்பீடுமே.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில்

இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744-ல் அமைந்துள்ளன. இச்சாலை தென்மேற்கே செங்கோட்டையைக் கடந்து ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறுகிறது. கோடை வெப்பமும் மலையேற்றமும் சேர்வது, பல பராமரிப்புப் புத்தகங்கள் 'கடும் பயன்பாடு' என்று வகைப்படுத்தும் நிலையாகும். அப்புத்தகங்கள் கடும் பயன்பாட்டுக்கு மாற்றக் கால அளவைக் குறைத்தே குறிப்பிடுகின்றன.

எண்ணெய் மட்டச் சரிபார்ப்பிலும் வெப்பம் இடையூறாகிறது. பகல் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டும் நாட்களில், நிழலில் நிற்கும் காரின் எண்ணெயும் எந்திரத்தை இயக்குமுன்பே 35 பாகையை எட்டியிருக்கும். 35 முதல் 45 என்ற எல்லை முழுவதும் கிடைக்காமல், சில நிமிடங்களில் அது கடந்துவிடும். கோடையில் இவ்வேலையை அதிகாலையில், இரவு முழுதும் ஆறிய காரில் செய்வது பொருத்தமானது.

உயர்விலைக் கார்களின் அங்கீகரிக்கப்பட்ட பணிமனைகள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே உள்ளன. இராஜபாளையத்திலிருந்து மதுரை சுமார் 85 கி.மீ. தொலைவிலும், சென்னை 500 கி.மீ.க்கும் அப்பாலும் உள்ளன. எனவே உள்ளூர்ப் பணிமனையில் வடிகட்டியை மாற்றினால் வாரண்டி நீங்குமா என்ற ஐயம் இப்பகுதியில் வெறும் கோட்பாட்டளவினது அன்று. மேற்கூறிய 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இங்கு பொருள் பெறுகிறது. ஆனால் வெளிப் பணிமனை செய்த வேலையால்தான் பழுது ஏற்பட்டது என நிறுவப்பட்டால், அப்பழுதுக்கு வாரண்டி கிடைக்காது.

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றத்தைப் போலவே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எதிர்த்தரப்பினர் தொழில் நடத்தும் இடத்திலோ, புகாருக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் அளிக்க முடிந்தது. சென்னையில் கார் வாங்கிய இராஜபாளையம்வாசி சென்னைக்கே செல்ல வேண்டியிருந்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அவர் சுமார் 12 கி.மீ. தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே புகார் அளிக்கலாம்.

எந்த ஆணையம் என்பதைக் காருக்குச் செலுத்திய விலை தீர்மானிக்கிறது. 2021 டிசம்பர் 30 அன்று வெளியான விதிகளின்படி 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமும், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையமும், அதற்கும் மேல் தேசிய ஆணையமும் விசாரிக்கும். 2017-ல் 25 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான காட்சியக விலையில் வந்த ஆக்டேவியா ஆர்எஸ் தொடர்பான புகார் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு உரியது. 2016-ல் 65 லட்சத்துக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் தொடர்பான புகார் மாநில ஆணையத்துக்கு உரியது. மாநில ஆணையத்தின் மதுரை அமர்வு தென்மாவட்டத்தினருக்கு அருகிலுள்ளது.

மாவட்ட ஆணையத்தில் புகார்க் கட்டணம், செலுத்திய விலையைப் பொறுத்துப் பின்வருமாறு:

- 5 லட்சம் வரை: கட்டணம் இல்லை
- 5 முதல் 10 லட்சம் வரை: 200 ரூபாய்
- 10 முதல் 20 லட்சம் வரை: 400 ரூபாய்
- 20 முதல் 50 லட்சம் வரை: 1,000 ரூபாய்

மாவட்ட ஆணையத்தின் ஆணையை எதிர்த்து 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். வாரண்டி நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதிடும் புகாரை மாவட்ட ஆணையம் ஏற்க இயலாது. அது மாநில ஆணையத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

இராஜபாளையம் நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்ற நகரமாகும். இத்தகைய தொழில் நகரங்களில் விலை உயர்ந்த கார்கள் நிறுவனத்தின் பெயரில் வாங்கப்படுவது உண்டு. வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பதால், இவ்வாறு வாங்கிய கார்களுக்குச் சட்டம் பொருந்துமா என்ற வினா எழுகிறது. இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்காக நிறுவனம் வாங்கிய கார், அக்காரணத்தால் மட்டும் வணிக நோக்கில் வாங்கியதாகாது என்று 2024 சூலையில் உச்ச நீதிமன்றம் டெய்ம்லர் கிரைஸ்லர் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது.

சான்று ஆவணங்கள்

வடிகட்டி மாற்றத்துக்கான சான்றாகப் பயன்படும் ரசீதில் பின்வரும் விவரங்கள் இருப்பது இன்றியமையாதது:

1. காரின் பதிவெண்ணும் அடிச்சட்ட எண்ணும்
2. நாளும் அன்று ஓடியிருந்த தொலைவும்
3. வடிகட்டியின் பாக எண்
4. எண்ணெயின் பெயர், தரக் குறியீடு, நிரப்பிய அளவு
5. மட்டம் சரிபார்க்கப்பட்ட வெப்பநிலை
6. பணிமனையின் பெயரும் வரிப்பதிவு எண்ணும்

'கியர் சர்வீஸ்' என்று மட்டும் எழுதிய ரசீது, வடிகட்டி மாற்றப்பட்டதை மெய்ப்பிக்காது. வாரண்டி மறுக்கப்படும்போது, காரணத்தை எழுத்துவடிவில் பெறுவதும், கியர்பெட்டியைப் பிரிக்குமுன் எண்ணெயின் மாதிரியையும் பழைய வடிகட்டியையும் பாதுகாப்பதும் பின்னாளில் ஆய்வுக்கு உதவும். பிரித்துத் துடைக்கப்பட்ட கியர்பெட்டியில் பழுதின் காரணத்தை மெய்ப்பிப்பது இரு தரப்புக்கும் கடினம். கார் கைமாறும்போது இவ்வாவணங்களும் உடன் செல்ல வேண்டும். எஞ்சிய வாரண்டிக் காலத்தைக் கோரும் புதிய உரிமையாளரிடம் முந்தைய உரிமையாளரின் பராமரிப்புச் சான்றே கேட்கப்படும்.

இவற்றையும் பார்க்க

- தானியங்கிக் கியர்பெட்டி
- இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி
- உயவு எண்ணெய்
- நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019
- இராஜபாளையம்
- ஸ்ரீவில்லிபுத்தூர்